வீட்டில் மாலைச் செபமாலையைத் தொடர்வது பற்றி ஒரு கேள்வி

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். நான் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவள். மாலையில் கோயில் மணி அடித்ததும் அடுப்பில் எது இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டு, மாதா படத்துக்கு முன்னால் பாய் விரித்து உட்கார்ந்து, 53 மணிச் செபமாலையும் மாதா பிரார்த்தனையும் சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாடு. செபமாலையின்போது தியானிக்கும் இயேசு, மரியா வாழ்வின் நிகழ்ச்சிகளான தேவ இரகசியங்கள் பதினைந்தும் எழுத்தறியாத என் பாட்டிக்கு மனப்பாடம். அவர் சொல்லச் சொல்லத்தான் இயேசுவின் வாழ்க்கையை நாங்கள் முதலில் அறிந்தோம்.

திருமணமாகி இந்த நகரத்துக்கு வந்த பிறகும் அந்த வழக்கத்தை விடாமல் நடத்திவந்தேன். இப்போது மூன்று வகையில் தடுமாறுகிறேன். பத்தாம் வகுப்புப் படிக்கும் என் மகனிடம், வேறொரு சபையைச் சேர்ந்த நண்பன் மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தைக் காட்டி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி வேண்டக் கூடாது என்று இயேசுவே சொல்லியிருக்கும்போது நீங்கள் ஏன் ஒரே மந்திரத்தை ஐம்பது முறை சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறான். மகன் அதை என்னிடம் கேட்டான். என்னால் விடை சொல்ல முடியவில்லை. அடுத்து, என் மனநிலையே எனக்குச் சுமையாக இருக்கிறது. இரண்டாவது பத்து (பத்து மணிகள் கொண்ட பகுதி) தொடங்கும்போதே மறுநாள் சமையலும் தனிப்பயிற்சிக் கட்டணமும் நினைவுக்கு வந்துவிடுகின்றன. வாய் சொல்லிக்கொண்டே போகிறது. நான் எங்கோ இருக்கிறேன். இப்படிச் சொல்வது அன்னையை மதிக்காமல் இருப்பதாகிவிடுமோ என்று அஞ்சுகிறேன். கடைசியாக, அந்த இருபது நிமிடத்தில் நற்செய்தியில் ஒரு பகுதியை வாசிப்பது இதைவிட நல்லதல்லவா என்ற எண்ணமும் வருகிறது. அறிந்தவர்கள் தயவுசெய்து விளக்குங்கள்.

பதில் 1: மறைக்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

அன்புச் சகோதரி, உங்கள் மகனின் கேள்வி நல்ல கேள்வி. அதைக் கேட்டதற்காக அவனைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

மத்தேயு 6:7இல் இயேசு கண்டிப்பது, வார்த்தைகளை அடுக்கினால்தான் கடவுள் செவிசாய்ப்பார் என்னும் நம்பிக்கையை. அடுத்த வசனத்திலேயே, நீங்கள் கேட்கும் முன்பே உங்கள் தேவையைத் தந்தை அறிந்திருக்கிறார் என்கிறார். அதற்கும் அடுத்த வசனத்தில் நாம் நாள்தோறும் சொல்லும் பரலோக மந்திரத்தைக் கற்பிக்கிறார். ஒரே வார்த்தைகளை மறுபடியும் சொல்வதே தவறென்றால், கெத்சமனியில் அவரே மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி வேண்டினார் என்று மத்தேயு 26:44 ஏன் எழுதிவைக்க வேண்டும்? 136ஆம் திருப்பாடலில் 26 வசனங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கடவுளின் பேரன்பு என்றும் உள்ளது என்ற ஒரே முடிவில்தான் வந்து நிற்கிறது. மகனை அந்தப் பாடலை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எந்த விளக்கத்தையும்விட அது தெளிவாகப் பேசும்.

செபமாலையில் நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் அருள் நிறை மந்திரத்தின் முதற்பகுதியும் விவிலியச் சொற்களால் ஆனதே. வானதூதர் மரியாவுக்குச் சொன்ன வாழ்த்து லூக்கா 1:28இல் இருக்கிறது. எலிசபெத்து சொன்ன வாழ்த்து 1:42இல் இருக்கிறது. வேண்டிக்கொள்ளும் என்று நாம் கேட்கும் பின்பகுதி திருச்சபையின் வேண்டுதலாகப் பல காலம் பல வடிவங்களில் வழங்கிவந்து, திருத்தந்தை ஐந்தாம் பயஸ் 1568இல் வெளியிட்ட திருப்புகழ்மாலை நூலில் (குருக்களின் அன்றாடச் செப நூல்) இன்றைய வடிவத்தில் நிலைபெற்றது.

ஏன் ஐம்பது, ஏன் நூற்றைம்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் உங்கள் பாட்டியின் கதையோடு அது தொடர்புடையது. துறவிகள் 150 திருப்பாடல்களையும் பாடிவந்த காலத்தில், வாசிக்கத் தெரியாத எளிய மக்கள் அதற்கு ஈடாக 150 முறை பரலோக மந்திரத்தை மணிகளில் எண்ணிச் சொன்னார்கள். காலப்போக்கில் அந்த இடத்தில் அருள் நிறை மந்திரம் வந்தது. அதனோடு இயேசுவின் வாழ்க்கை நிகழ்ச்சிகளைத் தியானிக்கும் முறையும் சேர்ந்தது. அன்னை மரியா புனித சாமிநாதரிடம் (தோமினிக்) செபமாலையை நேரில் கையளித்தார் என்ற மரபை நாம் அன்போடு போற்றுகிறோம். வரலாற்றாய்வாளர்களோ இது பல நூற்றாண்டுகளில் படிப்படியாக வளர்ந்தது என்கிறார்கள், எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது. எப்படியானாலும் எழுத்தறியாதவர் கையில் கொடுக்கப்பட்ட திருப்பாடல் நூல்தான் செபமாலை. உங்கள் கடற்கரையிலேயே அதற்குச் சான்று இருக்கிறது. 1542இல் அங்கு வந்த புனித சவேரியார், ஊரார் சிலரின் துணையோடு மந்திரங்களைத் தமிழாக்கி, மணியடித்துச் சிறுவரை அழைத்து மனப்பாடமாகக் கற்பித்தார். பரலோக மந்திரமும் அருள் நிறை மந்திரமும் அன்று முதல் அந்த மண்ணில் வாய்வழியாகவே வந்திருக்கின்றன.

ஆகவே உங்கள் மூன்றாம் கேள்விக்கு என் விடை இது: நற்செய்தி வாசிப்பையும் செபமாலையையும் போட்டியாக நிறுத்த வேண்டியதில்லை. செபமாலையே நற்செய்தியைத் தியானிக்கும் ஒரு முறை. ஆறாம் பவுல் 1974இல் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், தியானம் இல்லாத செபமாலை உயிர் இல்லாத உடல் என்று எச்சரித்தார். இரண்டாம் யோவான் பவுல் 2002 அக்டோபர் 16 அன்று வெளியிட்ட மடலில், மரியாவின் கண்களோடு கிறிஸ்துவின் முகத்தை நோக்குவதே செபமாலை என்ற பொருளை விரிவாக விளக்கி, இயேசுவின் பொதுவாழ்வைத் தியானிக்கும் ஒளியின் மறையுண்மைகள் (தேவ இரகசியங்கள்) ஐந்தையும் சேர்த்தார். நிகழ்ச்சிகளைத் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்தித்தவர் என்று லூக்கா இருமுறை மரியாவைப் பற்றிச் சொல்கிறார். செபமாலையில் நாம் அவரருகே அமர்ந்து அதையே செய்கிறோம்.

மனம் சிதறுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குழந்தை இயேசுவின் புனித தெரேசா, தனியாகச் செபமாலை சொல்வது தமக்குத் தவக்கருவி அணிவதைவிடக் கடினமாக இருக்கிறது என்றும், எவ்வளவு முயன்றாலும் மறையுண்மைகளில் மனத்தை நிறுத்த முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நெடுங்காலம் அதற்காக வருந்திய அவர், பின்னர் விண்ணக அரசி தம் தாயும் ஆதலால் தம் நல்லெண்ணத்தைக் கண்டு நிறைவு கொள்வார் என்று தேறினார். மறைவல்லுநராகத் திருச்சபை போற்றும் ஒருவருக்கே இப்படியென்றால், சமையற்கட்டிலிருந்து நேராக வந்து பாயில் உட்காரும் தாய்க்கு மனம் அலைவது மரியாதைக் குறைவாகாது. அந்தச் சமையலும் கட்டணமும் நினைவுக்கு வரும்போது அவற்றை அந்த மணியிலேயே ஒப்படைத்துவிட்டு, மறையுண்மைக்குத் திரும்புங்கள்.

பதில் 2: மன்னாரிலிருந்து ஒரு வாசகி

மேலே ஆசிரியர் ஐயா சொன்னவற்றோடு எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சேர்க்க விரும்புகிறேன்.

1658இல் யாழ்ப்பாணமும் மன்னாரும் ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வசமான பின்னர், கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். கோயில்கள் பறிக்கப்பட்டன. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் எங்கள் முன்னோருக்குக் குருக்கள் இல்லை. 1687இல் கோவாவிலிருந்து புனித யோசேவாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தபோது, யார் கத்தோலிக்கர் என்று வெளிப்படையாகக் கேட்க வழியில்லை. ஆகவே அவர் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டு நடந்தார். அதைக் கண்டு முகம் மாறியவர்களின் வழியாகத்தான் மறைந்திருந்த விசுவாசிகளைக் கண்டடைந்தார். திருப்பலி காணாமலே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்ட மக்கள் அந்த மாலையை அடையாளம் கண்டார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

எங்கள் காலத்திலும் அது நடந்தது. போர்க்காலத்தில் நாங்கள் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த மாதங்களில் சில கிழமைகள் பூசை கிடையாது. ஓடிவந்த அவசரத்தில் செபமாலையைக் கூட எடுக்கவில்லை. அம்மா விரல்களில் எண்ணிச் சொன்னார். அக்கம்பக்கத்துக் கொட்டில்களில் இருந்தவர்கள் மறுமொழி சொன்னார்கள். அங்கே ஒரு முதியவர் இறந்தபோது என்ன பேசுவது, எப்படித் தேற்றுவது என்று யாருக்கும் தெரியவில்லை. யாரோ ஒருவர் "அருள் நிறைந்த மரியே" என்று தொடங்கினார். எல்லோரும் சேர்ந்துகொண்டோம். "இப்பொழுதும் எங்கள் மரண நேரத்திலும்" என்ற சொற்களை அதுவரை எத்தனையோ ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். அன்றுதான் அவற்றின் பொருள் எனக்குள் இறங்கியது. சிறுவயதில் மனம் ஒன்றாமல் சொன்ன அந்த ஆயிரங்கள் இல்லாவிட்டால் அன்று அந்தச் சொற்கள் என் வாயில் வந்திருக்க மாட்டா.

ஆகவே சகோதரி, உங்கள் மகன் இன்று கவனமில்லாமல் சொன்னாலும் கவலைப்படாதீர்கள். அவனுக்கு அந்தச் சொற்கள் தேவைப்படும் நாளில் அவை அவனிடம் இருக்க வேண்டும்.

பதில் 3: திருச்சி வாசகர்

மேலே உள்ள இரண்டு பதில்களையும் நன்றியோடு வாசித்தேன். ஆனால் ஒரு எச்சரிக்கையும் தேவை என்று கருதுகிறேன்.

செபமாலை கட்டாயக் கடமை அன்று. ஆறாம் பவுல் அதே ஊக்கவுரையில், செபமாலை மிகச் சிறந்த செபமாயினும் விசுவாசிகள் அதன்பால் அமைதியான சுதந்திரத்தோடு இருக்க வேண்டும் என்றும், அதன் உள்ளார்ந்த அழகே அவர்களை ஈர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். திருவழிபாடு நடக்கும்போது செபமாலை சொல்வது தவறு என்பதையும் அங்கேயே சொல்கிறார். இன்றும் நம் கோயில்களில் பூசை நேரத்தில் மணிகளை உருட்டிக்கொண்டிருப்போரைக் காண்கிறோம். அவர்கள் பக்தியை நான் மதிக்கிறேன். ஆயினும் அந்த நேரத்தில் பீடத்தில் நிகழ்வதுதான் அனைத்துக்கும் ஊற்று.

வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் இன்னும் வருத்தம் தருகின்றன. இத்தனை நாள் இத்தனை செபமாலை சொன்னால் வேலை கிடைக்கும், பத்துப் பேருக்கு அனுப்பாவிட்டால் தீங்கு வரும் என்றெல்லாம் எழுதுவது, மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் ஆண்டவர் கண்டித்த அதே மனப்பான்மைதான். உங்கள் மகனின் நண்பன் இத்தகைய ஒன்றைப் பார்த்திருந்தால் அவன் கேள்வியில் நியாயம் உண்டு.

மகனை அதட்டி உட்கார வைக்காதீர்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். என் தந்தை எங்களை முழங்காலில் நிறுத்தி, தூங்கி விழுந்தால் அடித்துச் சொல்லவைத்தார். அவர் நோக்கம் நல்லது. ஆனால் வீட்டை விட்டு வெளியே வந்ததும் பன்னிரண்டு ஆண்டுகள் நான் செபமாலையைத் தொடவில்லை.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் என் உளமார்ந்த நன்றி. மன்னார்ச் சகோதரி எழுதியதை என் கணவருக்கும் வாசித்துக் காட்டினேன். திருச்சி ஐயா சொன்னது என்னைத் தொட்டது, ஏனெனில் அண்மையில் நானும் குரலை உயர்த்தத் தொடங்கியிருந்தேன்.

நேற்று மாலை ஐம்பத்து மூன்றையும் சொல்லாமல் ஒரே ஒரு பத்து மட்டும் சொன்னோம். மரியா எலிசபெத்தைச் சந்தித்த பகுதியை மகன் வாசித்தான். வாசித்து முடித்ததும், நாம் சொல்லும் மந்திரத்தில் இருப்பது எலிசபெத்தம்மாள் பேசிய வார்த்தையா என்று வியப்போடு கேட்டான். அதற்குப் பிறகு முன்னோட்டத்தை, அதாவது மந்திரத்தின் முதற்பகுதியை, தானே சொல்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். இனி வியாழக்கிழமை ஒளியின் மறையுண்மைகளைச் சொல்ல விரும்புகிறோம். எங்களிடம் இருப்பது பாட்டி காலத்துச் செபப்புத்தகம். அதில் பழைய பதினைந்து தேவ இரகசியங்களே உள்ளன. எந்தெந்தப் பகுதிகளை வாசிக்கலாம் என்று ஆசிரியர் ஐயா சொல்வீர்களா?

பதில்: மறைக்கல்வி ஆசிரியர், திண்டுக்கல்

மிக்க மகிழ்ச்சி, சகோதரி. பாட்டியின் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். பின்னட்டையின் உட்பக்கத்தில் இந்த ஐந்தையும் மகன் கையாலேயே எழுதவையுங்கள்.

யோர்தான் ஆற்றில் இயேசு திருமுழுக்குப் பெற்றதற்கு மத்தேயு 3:13 முதல் 17 வரை வாசிக்கலாம். கானாவூர்த் திருமணத்துக்கு யோவான் 2:1 முதல் 11 வரை. நற்செய்திகளில் மரியா பேசியதாகப் பதிவாகியுள்ள கடைசிச் சொற்கள், பணியாளரிடம் அவர் சொல்வதெல்லாம் செய்யுங்கள் என்றது, அங்கேதான் இருக்கின்றன. ஆகவே அந்தப் பத்தில் சற்று நேரம் தங்குங்கள். இறையாட்சி அறிவிப்புக்கு மாற்கு 1:14, 15 ஆகிய இரண்டு வசனங்களே போதும். உருமாற்றத்துக்கு லூக்கா 9:28 முதல் 36 வரை, நற்கருணை ஏற்படுத்தியதற்கு லூக்கா 22:14 முதல் 20 வரை.

இன்னொன்று. நம் வீடுகளில் முன்னோட்டம் சொல்பவர் "திருவயிற்றின் கனியாகிய இயேசுவும்" என்று வரும்போதே மறுமொழி சொல்பவர்கள் "அர்ச்சியசிஷ்ட மரியாயே" என்று தொடங்கிவிடுகிறார்கள். இரண்டாம் யோவான் பவுல் அந்த மந்திரத்தின் மையம் என்று குறிப்பிட்ட இயேசுவின் பெயர் அந்த அவசரத்தில் விழுங்கப்பட்டுவிடுகிறது. முன்னோட்டத்தை மகன் ஏற்றுக்கொண்டான் என்றீர்களே, அந்த இடத்தில் மட்டும் நிறுத்திச் சொல்லுமாறு அவனிடம் கூறுங்கள்.