தேவதைக் கதைப் படங்களைச் சிறு பிள்ளைகளுக்குக் காட்டலாமா? – அனுபவப் பகிர்வு

கோவை, ஐந்து வயது மகளின் தாய்:

கோடை விடுமுறையில் சிறகுகளும் கொம்புகளும் உள்ள மெலிஃபிசென்ட் என்ற தேவதையை நாயகியாகக் கொண்ட ‘மெலிஃபிசென்ட்’ (2014) படத்தை மகளோடும் எட்டு வயதான அண்ணன் மகனோடும் பார்த்தேன். அமெரிக்காவில் அதற்கு, பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்ற ‘பிஜி’ சான்றிதழ். மர வீரர்களின் போரையும் நெருப்புமிழும் டிராகனையும் மகள் ரசித்தே பார்த்தாள். ஆனால், பழகிய நண்பனான ஸ்டீஃபன் மயக்க மருந்து கொடுத்து அவளுடைய சிறகுகளைக் கவர்ந்து சென்றபின், விடியலில் கண்விழித்த நாயகி முதுகைத் தடவிப் பார்த்து அலறுகிறாளே, அந்த இடத்தில் என் மடியில் ஏறிக்கொண்டு, “அவரு அவங்க ஃப்ரெண்டுதானே அம்மா, ஏன் வெட்டினாரு?” என்று விடாமல் கேட்டாள். வெட்டுவதைப் படம் நேரடியாகக் காட்டுவதில்லை, ரத்தமும் இல்லை. அண்ணன் மகனோ அடுத்த சண்டை எப்போது வரும் என்று காத்திருந்தான். வேண்டியவரே வஞ்சிப்பதுதான் ஐந்து வயதுக்கு எந்தப் பூதத்தையும்விடக் கொடிதாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். (படப்பிடிப்பில் நாயகியாக நடித்த ஏஞ்சலினா ஜோலியின் கொம்பு வேடத்தைக் கண்டு மற்றக் குழந்தைகள் மிரண்டதால், குட்டி இளவரசி அரோராவாக அவருடைய மகளையே நடிக்க வைத்தார்களாம்.)

சென்னை, இரு மகன்களின் தந்தை:

சகோதரி சொல்வதை ஏற்கிறேன். சுவரொட்டியை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களுக்காக இன்னொரு படத்தையும் குறிப்பிட வேண்டும். கியெர்மோ டெல் டோரோ இயக்கிய ‘பான்ஸ் லேபிரிந்த்’ (2006) படத்தில் ஒரு சிறுமி, ஆட்டுக்கால் கொண்ட வனதேவன், தேவதைகள், மூன்று சோதனைகள் என அம்புலிமாமா கதைக்குரிய எல்லாமே உண்டு. எனினும் கதை நிகழ்வது 1944-இன் ஸ்பெயினில். சிறுமியின் மாற்றாந்தந்தையான ராணுவ அதிகாரி, முயல் வேட்டைக்கு வந்த ஓர் இளைஞனின் முகத்தைப் புட்டியால் அடித்துச் சிதைப்பது படத்தின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்காவில் ‘ஆர்’ (17 வயதுக்குட்பட்டோர் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்), பிரிட்டனில் ‘15’ (15 வயதுக்கு மேற்பட்டோருக்கு மட்டும்) என்ற சான்றிதழ்களை அது பெற்றது. இரவில் தனியாகப் பார்த்த நான், பிள்ளைகள் பதின்வயதைக் கடக்கும்வரை அதைக் காட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். உள்ளங்கைகளில் கண் வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் துரத்தும் வெளிறிய மனிதனைக்கூட வேடம் என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். அந்த அதிகாரியை என்னவென்று சொல்வது?

மதுரை, ஓய்வு பெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியை:

பழைய படம் என்றால் பாதுகாப்பானது என்பதும் சரியன்று. டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ (1937) பிரிட்டனுக்கு வந்தபோது, பெரியவர் துணையின்றிச் சிறுவர்கள் பார்க்கக்கூடாது என்ற ‘ஏ’ சான்றிதழைத்தான் தணிக்கையாளர்கள் அளித்தனர். பேரப்பிள்ளைகளுக்கு அதைக் காட்டியபோது, மரக்கிளைகள் கைகளாக நீளும் காட்டுக் காட்சியிலும், ராணி கிழவியாக உருமாறும் காட்சியிலும் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள்; கண்ணை மூடவில்லை. அதன்பின் எந்தப் படமானாலும் முதலில் நான் ஒருமுறை பார்க்கிறேன். பயமூட்டும் இடங்களில் ஒலியை மட்டும் குறைத்துப் பார்த்தால், அச்சத்தின் பாதி இசையிலிருந்துதான் வருகிறது என்பது விளங்கிவிடும். நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. ஆங்கிலம் பிடிபடாத, எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத வயதில், காதலின் முதல் முத்தத்தால் அவள் விழித்தெழுவாள் என்று வசனத்தில் வரும் ஆறுதல் அவர்களைச் சென்றடைவதில்லை. கண்ணாடிப் பேழையில் கிடக்கும் பெண் மட்டுமே மனத்தில் நிற்கிறாள். அருகிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டே வரப் பெரியவர் ஒருவர் வேண்டும். 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி நம் நாட்டில், பெற்றோர் வழிகாட்டுதலோடு பார்க்க வேண்டிய படங்களுக்கான ‘யு/ஏ’ சான்றிதழ் 7, 13, 16 வயது எனப் பிரிக்கப்பட்டிருப்பது உதவிதான். ஆனாலும் ஏழு வயது நிரம்பிய என் பேரன் இன்றும் அந்தக் கிழவி வரும்போது தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறான். சின்னவள்தான் அவனைக் கூப்பிட்டு உட்கார வைக்கிறாள்.