டூயல்ஷாக் 4 அசைவு சென்சார் லாக்: முதலில் டேட்டாவே இல்லை, இப்போது நேரம் உதைக்கிறது

காசிமேடு பையன்
மீன்பிடித் தடைக்காலம் என்பதால் மாமாவின் லாஞ்ச் (விசைப்படகு) 61 நாளும் துறைமுகத்திலேயே கட்டிக்கிடக்கிறது. போன வருஷம் மேல்தளத்தில் கூடுதலாக ஒரு ஐஸ் பெட்டி வைத்ததிலிருந்து, படகு சாய்ந்தால் நிமிர நேரம் எடுக்கிறது என்று புலம்பிக்கொண்டிருக்கிறார். ஒரு ஆட்டத்துக்கு, அதாவது ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப, எத்தனை நொடி என்று அளந்து காட்டலாமே என்று நினைத்தேன். வீட்டில் பழைய டூயல்ஷாக் 4, அதாவது பிளேஸ்டேஷன் 4 கேம் கன்ட்ரோலர், ஒன்று கிடந்தது. ஜிப் கவரில் போட்டு வீல்ஹவுஸ் தரையில் டேப் அடித்து ஒட்டி, புளூடூத்தில் ராஸ்பெரி பை என்ற குட்டி லினக்ஸ் கணினியோடு சேர்த்து, பைத்தானில் எவ்டெவ் (சாதன நிகழ்வுகளைப் படிக்கும் நூலகம்) வைத்துப் படிக்கிறேன். பட்டனை அமுக்கினால் வரி வருகிறது. சாய்த்தால் ஒன்றுமே வரவில்லை. சென்சார் செத்துவிட்டதா?

மின்ட் தெரு
பேட்டரி குறைவாக இருக்கும். சார்ஜ் போட்டு மறுபடி பேர் பண்ணிப் பாருங்க.

பெரம்பூர் லோகோ
பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லினக்ஸ் இந்தக் கன்ட்ரோலரை மூன்று தனிச் சாதனமாகக் காட்டும்: பட்டனும் குச்சியும் ஒன்று, டச்பேட் ஒன்று, அப்புறம் பெயரின் கடைசியில் 'மோஷன் சென்சார்ஸ்' என்று இருக்கும் ஒன்று. நீங்கள் திறந்தது முதலாவதை. எவ்டெஸ்ட் என்ற சோதனை நிரலை ஓட்டினால் மூன்றும் பட்டியலில் தெரியும். நிரலில் ஈவென்ட் எண்ணை எழுதிவைக்காதீர்கள், அடுத்த முறை இணைக்கும்போது அது மாறலாம். பெயரை வைத்துத் தேடுங்கள்.

சென்சார் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மேசையில் கிடத்துங்கள். ஆக்ஸிலரோமீட்டரின் (முடுக்கத்தை அளக்கும் சென்சார்) ஒரு அச்சு 8192-ஐ ஒட்டி நிற்கும், மற்ற இரண்டும் பூஜ்யம் பக்கம் இருக்கும். 8192 என்றால் 1 ஜி, அதாவது வெறும் புவியீர்ப்பு.

காசிமேடு பையன்
வந்துவிட்டது அண்ணே! ஒரு அச்சு 8170 பக்கம் நிற்கிறது. ஆனால் அடுத்த தலைவலி. நொடிக்கு 250 தடவை வரும் என்று எங்கேயோ படித்தேன். அதனால் வரி எண்ணை 250-ஆல் வகுத்து நேரம் போட்டேன். ஒரு ஆட்டம் 38 நொடி என்கிறது, அடுத்தது 31 என்கிறது. மாமா கைக்கடிகாரத்தில் பார்த்தால் ஐந்து சொச்சம்தான். கோப்பு இப்படி இருக்கிறது:

ஏபிஎஸ்_ஆர்எக்ஸ் 1210
ஏபிஎஸ்_இசட் -304
எம்எஸ்சி_டைம்ஸ்டாம்ப் 88214500
ஸின்_ரிப்போர்ட்

பெரம்பூர் லோகோ
கடிகாரம் சரி, கோப்புதான் தப்பு. நீங்கள் எண்ணுவது அளவீட்டை அல்ல, நிகழ்வுகளை. ஒரே அளவீட்டுக்கு ஆறு அச்சு (ஆக்ஸிலரோமீட்டருக்கு மூன்று, சுழற்சி வேகத்தை அளக்கும் கைரோவுக்கு மூன்று), ஒரு நேரக்குறி, கடைசியில் அளவீடு முடிந்தது என்று சொல்லும் ஸின்_ரிப்போர்ட் என்று எட்டு வரி வரை வரும். 'வரை' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மதிப்பு மாறாத அச்சை லினக்ஸ் கெர்னல் அனுப்பாது. உங்கள் துண்டையே பாருங்கள், ஆறில் இரண்டு அச்சுதான் இருக்கிறது. ஆக வரி எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த 250-ஐயும் மறந்துவிடுங்கள், புளூடூத்தில் அதை நம்ப முடியாது.

ஆறு அச்சுக்கும் கடைசி மதிப்பை ஒரு டிக்‌ஷனரியில் வைத்திருங்கள். வரும் நிகழ்வு தன் அச்சின் மதிப்பை மட்டும் திருத்தட்டும். ஸின்_ரிப்போர்ட் வந்ததும் ஆறையும் சேர்த்து ஒரே வரியாக எழுதுங்கள். நேரத்துக்கு எம்எஸ்சி_டைம்ஸ்டாம்ப். அது கன்ட்ரோலரின் சொந்தக் கடிகாரம், மைக்ரோ நொடியில். ராஸ்பெரி பை மெதுவாகப் படித்தாலும் அது மாறாது. 32 பிட் எண் என்பதால் நீளமாக ஓட்டினால் மடங்கி மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், பத்து நிமிடத்துக்கு ஒரு கோப்பு போதும்.

ஒவ்வொரு வரியையும் திரையில் பிரிண்ட் செய்கிறீர்களா? அதை எடுத்துவிடுங்கள். படிப்பது பின்தங்கினால் வரிசை நிரம்பி ஸின்_டிராப்ட் வரும், நடுவில் போனது போனதுதான்.

காசிமேடு பையன்
பிரிண்ட் இருந்தது 🙈 எடுத்துவிட்டேன். இனி ஆக்ஸிலரோமீட்டரிலிருந்து சாய்வுக் கோணம் கணக்கிட வேண்டும், சரிதானே?

ராயபுரம் டீசல்
எதுக்கு தம்பி கோணம்? உனக்கு வேண்டியது ஆட்ட நேரம். கைரோவை அப்படியே எடு, 1024 என்றால் நொடிக்கு 1 டிகிரி. உன் 1210 அந்த அச்சில் நொடிக்கு சுமார் 1.2 டிகிரி. எந்த அச்சு பக்கவாட்டு ஆட்டம் என்று கையால் ஆட்டிப் பார்த்துக்கொள். படகில் ஏறுமுன் தரையில் பத்து நொடி வைத்து சராசரியைக் கழி. அப்புறம் கோடு பூஜ்யத்தைக் கீழிருந்து மேலே கடக்கும் இடங்களைக் குறி. அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு நடுவில் ஒரு ஆட்டம், முடிந்தது.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று. நம்ம துறைமுகத்தில் லாஞ்சுகள் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் நிற்கும். பக்கத்துப் படகில் முட்டினால் நீ அளப்பது இரண்டு படகின் ஆட்டம். கொஞ்சம் தள்ளி இழுத்துக் கட்டு, கயிறு எல்லாம் தொய்வாக இருக்கட்டும். நாலு பேர் ஓரத்துக்கு ஓரம் தாளம் தப்பாமல் நடந்து ஆட்டிவிட்டு, சட்டென்று நடுவில் நிற்கணும். அதற்குப் பிறகு வரும் ஆட்டம்தான் கணக்கு.

நேரம் கூடினால் படகின் நிமிரும் பலம் குறைகிறது என்று அர்த்தம். தோராயமாக, அகலத்தை மீட்டரில் 0.8-ஆல் பெருக்கி நொடியால் வகுத்து, விடையை வர்க்கம் பண்ணினால் ஜிஎம் உயரம் (படகின் நிமிரும் பலத்தைக் காட்டும் அளவு) மீட்டரில் வரும். இதை வைத்து மட்டும் கடலுக்குப் போகலாமா என்று முடிவு எடுக்காதே.

காசிமேடு பையன்
நேற்று சாயங்காலம் காற்று இறங்கின பிறகு எடுத்தோம். அகலம் 16 அடி. பெட்டி காலியாக இருக்கும்போது எட்டு ஆட்டத்தின் சராசரி 5.4 நொடி. ஐஸுக்குப் பதில் மணல் மூட்டை அடுக்கின பிறகு 6.1. உங்கள் கணக்குப்படி 0.52 மீட்டர் 0.41 ஆகிறது. தாளில் எழுதிக் கொடுத்தேன். மாமா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் கீழ்த்தளத்துக்கு இறக்க ஆள் பேசப் போய்விட்டார். இறக்கினதும் மறுபடி எடுத்துப் போடுகிறேன்.

பெரம்பூர் லோகோ
எண் மட்டும் போதாது, கோப்பையும் போடுங்கள். ஆட்டம் அடங்குகிற வேகத்தையும் பார்க்கலாம்.