மெல்பர்ன் வெயிலும் எங்கள் மூன்று பிள்ளைகளும்

கடைக்குட்டி பிறந்தது டிசம்பரில். மெல்பர்னில் அது கோடை. பேறுகாலம் பார்க்க அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார். எண்ணெய் தேய்த்து இளவெயிலில் காட்டுவது நம் வழக்கம்தானே. அன்று வேலை இழுத்துவிட, 11 மணிக்குத்தான் பிள்ளையை மடியில் போட்டுக் கொல்லைப்புறம் உட்கார்ந்தார். 20 டிகிரிதான், குளுகுளுவென்று காற்று. வீட்டுக்கு வந்த தாய்சேய் நல நர்ஸ் பார்த்ததுமே நிழலுக்குப் போகச் சொன்னார். "ஏட்டி, சுடவே இல்லையே" என்றார் அம்மா. நர்ஸ் போனை எடுத்துக் காட்டினார்: புற ஊதாக் குறியீடு, அதாவது தோலைத் தீய்க்கும் கதிரின் அளவு, 8. இங்கே 3 ஆனாலே தோலை மறைக்கச் சொல்கிறார்கள். வெயில் சுடுவது வேறு, தோலைத் தீய்ப்பது வேறு என்று எனக்கே அன்றுதான் உறைத்தது.

6 மாதம் வரை சன்ஸ்கிரீனை நம்பாமல் நிழலிலேயே வைத்திருங்கள், மெல்லிய முழுக்கைச் சட்டை போடுங்கள் என்றார் நர்ஸ். தள்ளுவண்டியைத் துணியால் முழுக்க மூடினால் உள்ளே வெக்கை கட்டிக்கொள்ளுமாம். நான் தினமும் அப்படித்தான் மூடிக்கொண்டிருந்தேன்.

நடுவுள்ளவனைப் பள்ளியே பார்த்துக்கொள்கிறது. தொப்பி இல்லையென்றால் விளையாட்டு இல்லை, நிழலில் உட்கார வேண்டியதுதான். ஒரு நாள் அழுதுகொண்டு வந்தான், அப்புறம் மறந்ததில்லை.

பெரியவன் விஷயத்தில்தான் கோட்டைவிட்டேன். 14 வயது. "நாம கறுப்பு, ஒண்ணும் ஆகாதும்மா" என்பான். அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். ஜனவரியில் நாள் முழுக்க கிரிக்கெட். சிவப்பாக எதுவும் தெரியவில்லை, நானும் விட்டுவிட்டேன். ராத்திரி பின்கழுத்தைத் தொட்டால் கொதிக்கிறது. காலர் பட்டாலே துடித்தான். நாலாம் நாள் காதோரம் தோல் உரிந்தது. நம் நிறத்தில் வெயில் சுட்டது கண்ணுக்குச் சட்டென்று தெரியாது, தொட்டுப் பார்க்க வேண்டும். இப்போது கிரிக்கெட் பையிலேயே எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன் வைத்துவிடுகிறேன். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும், வியர்த்தால் அதற்கும் முன்பே.

*

உங்கள் பதிவைப் படித்துவிட்டு வேலூரிலிருந்து எழுதுகிறேன் அம்மா. எங்களுக்குச் சூடும் சேர்ந்துகொள்கிறது. போன கத்திரியில், மாலை 4 மணிக்குப் பூங்காவில் இரும்புச் சறுக்குமரத்தில் ஏறிய என் 3 வயதுப் பேத்திக்குத் தொடை கொப்பளித்துவிட்டது. இப்போதெல்லாம் புறங்கையை வைத்துப் பார்த்த பிறகுதான் ஏறவிடுகிறேன். 4 மாதப் பேரனுக்குத் தண்ணீர் கொடுக்கலாமா என்று மருமகள் கேட்டாள். கூடாது, தாய்ப்பாலையே அடிக்கடி கொடுங்கள் என்றார் டாக்டர். இளவெயில் காட்டுவதை இங்கே காலை 7 மணிக்குள் முடித்துவிடுகிறோம். உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள்.