சிறுவர் விடுதிக்காகக் குருதி கேட்கிறோம்

அண்ணாமார், அக்காமார் அனைவருக்கும் வணக்கம். எனக்கு 22 வயது, கைக்குழந்தையாக இருந்தபோதே தலசீமியா, அதாவது குருதியில் செங்குழியங்கள் சரியாக உருவாகாத பரம்பரை நோய், என்று கண்டறிந்தார்கள். அன்றிலிருந்து மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை யாரோ ஒருவருடைய குருதிதான் என்னை நடமாட வைக்கிறது. ஏற்றிய குருதியால் உடலில் சேரும் இரும்பை அகற்ற, பள்ளிக்கூடக் காலம் முழுவதும் இரவில் வயிற்றுத் தோலடியில் ஊசியுடன் தூங்கினேன். இன்றும் குருதி ஏற்ற மருத்துவமனையின் சிறுவர் விடுதிக்குள் நுழையும் சிறு பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

என்னைப் போன்ற மூவருடன் சேர்ந்து யாழ்ப்பாணம் கோண்டாவிலில் ஒரு இரத்ததான முகாம் நடத்த நினைக்கிறோம். நாங்கள் நால்வருமே குருதி கொடுக்க முடியாதவர்கள். அதனால்தான் உங்களிடம் வருகிறோம். 18 வயதைக் கடந்து, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள, கடைசியாகக் கொடுத்து நான்கு மாதமான எவரும் பெயர் தரலாம். முன்னரே கொடுத்திருக்கிறேன் என்று ஒதுங்கிவிடாதீர்கள்; செங்குழியங்களை ஏறக்குறைய ஐந்து, ஆறு வாரங்களே வைத்திருக்கலாம், பிள்ளைகளுக்கோ மாதந்தோறும் வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்டபம் தரக்கூடிய சனசமூக நிலையம் ஏதேனும் உண்டா? கட்டில், மின்விசிறி, கழிப்பறை இருந்தால் போதும். விடுதிப் பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் படக்கதைப் புத்தகங்களும் சேர்க்கிறோம், புதியவையாக இருக்கட்டும். பஞ்சுப் பொம்மைகள் வேண்டாம், கழுவ முடியாதவை நோய் எதிர்ப்புக் குறைந்த பிள்ளைகளுக்கு ஆகாது.

2011இல் இலங்கையின் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை பலர் நடந்து சேர்த்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. நாங்கள் கேட்பது ஒரு காலைப்பொழுது மட்டுமே. வரக்கூடியவர்கள் குருதி வகையையும் ஊரையும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.