ஈடு யாருடையது: சொன்னவருடையதா, எழுதியவருடையதா?

ஏட்டுப்பிரியன்: நம்மாழ்வாரின் திருவாய்மொழிக்கான வைணவ உரை ஈடு முப்பத்தாறாயிரப்படியை (படி என்பது உரையின் அளவு) 'நம்பிள்ளை ஈடு' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஆசாரியர் நம்பிள்ளை அதை எழுதவில்லை. ஸ்ரீரங்கத்தில் அவர் பகலில் காலட்சேபம், அதாவது பாசுர விளக்கம், சொல்வார். அவர் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை கேட்டுவிட்டு வந்து இரவில் ஏட்டில் எழுதுவார். கேட்டதையெல்லாம் நினைவில் வைத்து வாக்கியமாகக் கோத்தவருக்குப் புத்தக அட்டையில் இடமில்லையா?

அரங்கத்தடியான்: சுவாமி, இன்னொரு சீடர் பெரியவாச்சான் பிள்ளை அதே திருவாய்மொழிக்கு இருபத்துநாலாயிரப்படி எழுதியது நம்பிள்ளையின் நியமனத்தால், அவர் கட்டளையால். அது அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஈடு அப்படியல்ல, அனுமதி கேட்காமல் எழுதியது. தெரிந்ததும் நம்பிள்ளை ஏடுகளை வாங்கி மற்றொரு சீடர் ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்துவிட்டார். எழுதியவர் கைக்கு அது திரும்பவில்லை.

ஏட்டுப்பிரியன்: அதைச் சொல்லும், பிற்கால ஆசாரியர் மணவாள மாமுனிகளின் உபதேசரத்தினமாலையையே எடுங்கள். நம்பிள்ளை 'செப்பு நெறி'யை 'வள்ளல் வடக்குத் திருவீதிப் பிள்ளை' நன்கு உரைத்தது என்று இருவர் பெயரையும் வைக்கிறார். அப்புறம், ராமானுஜரின் ஸ்ரீபாஷ்யத்துக்கு சுருதப்பிரகாசிகை என்ற உரை இருக்கிறதே? நடாதூர் அம்மாள் சொல்லக் கேட்டு சுதர்சன சூரி எழுதியது. அதை யாரும் அம்மாள் நூல் என்பதில்லை. சமஸ்கிருதத்துக்கு ஒரு நியாயம், தமிழும் சமஸ்கிருதமும் கலந்த ஈட்டின் மணிப்பிரவாளத்துக்கு ஒரு நியாயமா?

கொள்ளிடக்கரை: இருவரும் காப்பிரைட் கணக்குப் பார்க்கிறீர்கள். திருவாய்மொழியின் இன்னொரு உரையான ஒன்பதினாயிரப்படிக்கு என்ன சொல்வீர்கள்? நம்பிள்ளையின் ஆசாரியர் நஞ்சீயர் படியெடுக்கக் கொடுத்த ஏடு காவிரி வெள்ளத்தோடு போக, நம்பிள்ளை நினைவிலிருந்து எழுதினார், நடுநடுவே தம் விளக்கத்தையும் சேர்த்தார். நஞ்சீயர் பார்த்து மகிழ்ந்தார். நூல் இன்றும் நஞ்சீயர் பெயரில்தான். யார் கை எழுதியது என்று அவர்கள் பார்க்கவில்லை, ஆசாரியர் ஒப்புக்கொண்டாரா என்றுதான் பார்த்தார்கள்.

ஏட்டுப்பிரியன்: ஆசாரியர்களின் வரலாறு சொல்லும் குருபரம்பரைக் கதையை ஆதாரமாகக் கொண்டால் எதையும் நிறுவிவிடலாம்.

அரங்கத்தடியான்: இரவில் உட்கார்ந்து எழுதினார் என்பது மட்டும் கல்வெட்டிலா இருக்கிறது? அதுவும் அதே குருபரம்பரைதான். வேண்டியதை மட்டும் பொறுக்கக்கூடாது. நூலுக்குள்ளேயே வாருங்கள். ஒரே பாசுரத்துக்கு இருபத்துநாலாயிரத்தையும் ஈட்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் பல இடங்களில் வாக்கியம் ஒத்துப்போகும். இரண்டு சீடர்கள், ஒரே குரல். அந்தக் குரல் யாருடையது?

கொள்ளிடக்கரை: அந்தக் குரலுக்கும் உடனே மதிப்பு வந்துவிடவில்லை. ஏடு நெடுங்காலம் சிலர் கைகளுக்குள்ளேயே இருந்தது. மாமுனிகள் ஸ்ரீரங்கத்து உற்சவர் நம்பெருமாள் முன்னிலையில் ஓராண்டு ஈட்டைச் சொன்ன பிறகுதான் அதன் இடம் அசைக்க முடியாததாயிற்று. அதைப் பிரமாண நூல் ஆக்கியதில் மூன்றாவதாக ஒருவரும் இருக்கிறார்.

ஏட்டுப்பிரியன்: ஒத்துப்போகும் இடங்களை நம்பிள்ளைக்கே விட்டுவிடுகிறேன். ஒத்துப்போகாத இடங்கள்? பட்டர் நிர்வாகம், நஞ்சீயர் நிர்வாகம் என்று, அதாவது முன்னோர் ஒவ்வொருவரும் சொன்ன விளக்கமாக, ஒரே அடிக்கு இரண்டு மூன்று பொருள் வரும்போது எதை முதலில் வைப்பது, எதைச் சுருக்குவது என்பதில் எழுதியவர் கை இல்லை என்று அடித்துச் சொல்வீர்களா?

அரங்கத்தடியான்: வரிசையும் காலட்சேபத்தில் கேட்டதுதான் சுவாமி. எழுதியவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

ஏட்டுப்பிரியன்: அவர் அடக்கத்தால் சொல்வார். பதிப்பாளர் ஏன் சொல்ல வேண்டும்?