60 கிகாஹெர்ட்ஸ் சப்ஹார்மானிக் மிக்சர்: சிமுலேஷனில் இழப்பு 11 டிபி, அளந்தால் 18

அலைநீளம்:
வணக்கம். ரெண்டு மாதமாக ஒரே போர்டோடு மல்லுக்கட்டுகிறேன். 60 கிகாஹெர்ட்ஸ் சிக்னலை (ஆர்எஃப்) மிக்சரில் கலந்து 2-க்கு (ஐஎஃப்) இறக்க வேண்டும். 58-க்கு எல்ஓ (கலப்பதற்கான லோக்கல் ஆசிலேட்டர்) கையில் இல்லாததால் 29-ல் ஓட்டி, எதிரெதிராகக் கட்டிய ஷாட்கி டயோடு ஜோடியை வைத்து இரண்டாவது ஹார்மானிக்கில் (அதாவது இரு மடங்கான 58-ல்) கலக்குகிறேன். 10 மில் (0.25 மிமீ) தடிமன் போர்டு. எல்ஓ பக்கம் கிரவுண்டில் முடிகிற ஸ்டப் (மெயின் லைனிலிருந்து கிளைக்கும் குட்டி லைன்), ஆர்எஃப் பக்கம் திறந்த ஸ்டப், இரண்டும் 29-க்குக் கால் அலைநீளம், அதாவது 1.67 மிமீ. மூன்று கனெக்டரும் 2.92 மிமீ. டயோடை மாற்றியும் பார்த்துவிட்டேன், இழப்பு குறையவில்லை. எங்கே தேடுவது?

சாலிடர்மணி:
டயோடை விடுங்கள், முதலில் கனெக்டர். 2.92 மிமீ 40 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும்தான். எல்ஓவுக்கும் ஐஎஃப்புக்கும் தாராளம், ஆனால் ஆர்எஃப் பக்கம் 67 வரை தாங்கும் 1.85 மிமீ வேண்டும். அதே கனெக்டர்களோடு ஒரு நேர்க்கோடு லைன் செய்து 60-ல் அளந்து பாருங்கள். அப்புறம் எல்ஓவை 3 டிபி ஏற்றுங்கள், இழப்பு மளமளவென்று இறங்கினால் டயோடுக்கு டிரைவ் போதவில்லை என்று அர்த்தம். ஆர்எஃப் முனையில் 58 எவ்வளவு கசிகிறது என்பதையும் பாருங்கள். ஜோடி சமமாக இருந்தால் அது டயோடுகளுக்குள்ளேயே சுற்றிவிடும், வெளியே பெரிதாகத் தெரிந்தால் ஜோடியில் கோளாறு.

அலைநீளம்:
நேர்க்கோடு லைனில் 9 டிபி போகிறது! ஒரு கனெக்டருக்குப் பாதி என்று வைத்தால், 18-ல் அந்த 4.5 போக மிக்சரின் இழப்பு 13.5. எல்ஓவை ஏற்றியதில் அரை டிபிகூட மாறவில்லை, 58 கசிவும் குறைவுதான். மீதி 2.5 எங்கே?

மைக்ரோஸ்ட்ரிப்:
எல்ஓ பக்க ஸ்டப்பை அடியில் உள்ள கிரவுண்டோடு இணைக்கும் துளையை, அதாவது கிரவுண்ட் வியாவைப் பாருங்கள். அந்த ஸ்டப் 29-ல் கால் அலை, அதனால் எல்ஓவுக்கு இருப்பதே தெரியாது. 60-ல் ஏறக்குறைய அரை அலை, எனவே அடியில் உள்ள ஷார்ட் அப்படியே டயோடு முனைக்கு வந்து நிற்க வேண்டும், மொத்த வித்தையும் அங்கேதான். ஆனால் 10 மில் போர்டில் 0.2 மிமீ வியாவின் இண்டக்டன்ஸ் சுமார் 32 பிகோஹென்றி. 60-ல் அது 12 ஓம், ஷார்ட்டே இல்லை! சிமுலேஷனில் ஐடியல் கிரவுண்ட்தானே போட்டிருக்கிறீர்கள்? ஸ்டப்பை 0.12 மிமீ சுருக்கினால் சரிக்கட்டலாம். என்னைக் கேட்டால் 5 மில்லுக்கே போய்விடுங்கள், அங்கே அதே வியா 3 ஓம்தான் வரும். திறந்த ஸ்டப்பின் முனையிலும் புலம் வெளியே நீளும், அதையும் கொஞ்சம் வெட்ட வேண்டும்.

அலைநீளம்:
ஐடியல் கிரவுண்டேதான். 32 பிகோஹென்றி சேர்த்ததும் சிமுலேஷனே 13-க்கு வந்துவிட்டது, ரொம்ப நன்றி. 5 மில்லில் மறுபடி வரைகிறேன். ஸ்டப் நீளத்தை மெயின் லைனின் நடுவிலிருந்து எடுப்பதா, விளிம்பிலிருந்தா?

மைக்ரோஸ்ட்ரிப்:
விளிம்பிலிருந்து தொடங்குங்கள். ஆனால் ஸ்டப் மெயின் லைனில் சேரும் அந்த டீ சந்திப்பை வியாவோடு சேர்த்து இஎம் சால்வரில் (மின்காந்தப் புலத்தைக் கணக்கிடும் மென்பொருள்) ஓட்டாமல் போர்டை ஃபேப்புக்கு அனுப்பாதீர்கள்.