லாக்டோஸ் உள்ளே வராமல் லாக் ஓப்பரான் எப்படித் திறக்கும்?

மைக்ரோ_மாணவி:
செமஸ்டருக்கு லாக் ஓப்பரான் (ஈ.கோலை பாக்டீரியாவில் லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரையைப் பயன்படுத்த உதவும் மரபணுத் தொகுப்பு) படித்துக்கொண்டிருக்கிறேன். லாக்டோஸ் இல்லாதபோது ரெப்ரஸர் என்னும் தடுப்புப் புரதம் ஆபரேட்டர் என்னும் டிஎன்ஏ பகுதியில் உட்கார்ந்துகொள்ளும், மரபணுவைப் படித்து எம்ஆர்என்ஏ செய்யும் ஆர்என்ஏ பாலிமரேஸால் வேலையைத் தொடங்க முடியாது, லாக்டோஸ் வந்தால் ரெப்ரஸர் விலகும். இதுவரை சரி. ஆனால் லாக்டோஸ் செல்லுக்குள் நுழைய பெர்மியேஸ் என்னும் கடத்திப் புரதம் வேண்டும், அதற்கான மரபணு இதே ஓப்பரானில்தான் இருக்கிறது. போதாக்குறைக்கு ரெப்ரஸரை விலக்குவது லாக்டோஸே இல்லையாம், அல்லோலாக்டோஸாம். லாக்டோஸை அப்படி மாற்றும் பீட்டா கேலக்டோசிடேஸ் நொதியின் மரபணுவும் இதே ஓப்பரானில். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கிற கதையாக இருக்கிறதே? வகுப்பில் கேட்டதற்கு "அது சிலபஸில் இல்லை, உட்காரும்மா" என்று சொல்லிவிட்டார்கள்.

பெட்ரிதட்டு:
நல்ல கேள்விம்மா. பூட்டு என்று நினைப்பதுதான் சிக்கல், வாஷர் தேய்ந்த குழாய் என்று நினைத்துப் பாருங்கள், எவ்வளவு இறுக்கினாலும் சொட்டும். ஒரு ஈ.கோலை செல்லில் லாக் ரெப்ரஸர் சுமார் 10 மூலக்கூறுதான் இருக்கும், அதுவும் டிஎன்ஏவை விடாப்பிடியாகப் பிடித்திருக்காது, அவ்வப்போது விட்டுவிட்டு மறுபடி பிடிக்கும். அந்தக் கண நேரத்தில் ஒரு பாலிமரேஸ் நுழைந்துவிட்டால் ஒரு எம்ஆர்என்ஏ, அதிலிருந்து சில புரதங்கள். ஆக லாக்டோஸையே பார்க்காத செல்லிலும் ஒருசில பெர்மியேஸ், ஒருசில பீட்டா கேலக்டோசிடேஸ் இருந்துகொண்டே இருக்கும்.

லாக்டோஸ் வந்ததும் அந்தச் சில பெர்மியேஸ் வழியாகக் கொஞ்சம் உள்ளே வரும். நொதி ஒரு பங்கை குளுக்கோஸ், கேலக்டோஸ் என்று உடைக்கும், இன்னொரு பங்கில் பிணைப்பை மட்டும் இடம் மாற்றி அல்லோலாக்டோஸாக்கும். அது ரெப்ரஸரை விலக்க, இன்னும் பெர்மியேஸ், இன்னும் லாக்டோஸ். கடைசியில் நொதியின் அளவு சுமார் ஆயிரம் மடங்கு ஏறிவிடும்.

இதற்கு ஓர் அழகான சாட்சி உண்டு. லாக்-இசட் (பீட்டா கேலக்டோசிடேஸுக்கான) மரபணு கெட்டுப்போன மியூட்டன்டுக்கு லாக்டோஸைக் கொட்டினாலும் ஓப்பரான் திறக்காது, ஐபிடிஜி என்னும் செயற்கைத் தூண்டுபொருளைக் கொடுத்தால் திறக்கும். ஐபிடிஜிக்கு எந்த நொதியும் தேவையில்லை, நேராகப் போய் ரெப்ரஸரில் ஒட்டிக்கொள்ளும்.

அகார்_அண்ணாச்சி:
இதோடு குளுக்கோஸையும் சேர்த்துப் படித்துவிடுங்கள். குளுக்கோஸ் ரெப்ரஸரை ஆபரேட்டரோடு இன்னும் இறுக்கி ஒட்டவைக்கும், அதனால்தான் லாக்டோஸ் இருந்தாலும் திறக்காது. எக்ஸ்-கால் (பீட்டா கேலக்டோசிடேஸ் உடைத்தால் நீலமாகும் பொருள்) தட்டில் ஒருமுறை தெரியாமல் குளுக்கோஸ் கலந்த மீடியத்தை ஊற்றிவிட்டு, காலனி எல்லாம் நீலமே ஏறாமல் வெளிறிப்போய்க் கிடந்ததைப் பார்த்து இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

பெட்ரிதட்டு:
அண்ணாச்சி, தட்டுக் கதை சரி, காரணம் சரியில்லை. குளுக்கோஸ் ரெப்ரஸர் பக்கமே போகாது. இந்த ப்ரொமோட்டர் (பாலிமரேஸ் வந்து உட்காரும் டிஎன்ஏ பகுதி) தானாகவே கொஞ்சம் மந்தம், சைக்ளிக் ஏஎம்பி என்னும் சிறு மூலக்கூறைப் பிடித்த கேப் புரதம் பக்கத்தில் உட்கார்ந்து பாலிமரேஸைக் கைபிடித்து அழைத்து வந்தால்தான் சுறுசுறுப்பாகும். குளுக்கோஸ் இருந்தால் சைக்ளிக் ஏஎம்பி குறையும். அதைவிட முக்கியம், குளுக்கோஸை உள்ளே இழுக்கும் அமைப்பின் ஒரு புரதம் போய் பெர்மியேஸையே முடக்கிவிடும். லாக்டோஸ் உள்ளே வந்தால்தானே ரெப்ரஸர் விலகும்? பிரெஞ்சு உயிரியலாளர் ஜாக் மோனோ 1941-இல் தன் ஆய்வேட்டில் எழுதிய இரட்டை வளர்ச்சிக்கோடு நினைவிருக்கிறதா? இரண்டு சர்க்கரையும் கொடுத்தால் பாக்டீரியா முதலில் குளுக்கோஸைத் தின்று தீர்க்கும், சற்று நேரம் சும்மா நிற்கும், அப்புறம் லாக்டோஸில் மறுபடி ஏறும். இருபது வருடம் கழித்து 1961-இல் ஜாக்கோபும் அவரும் சேர்ந்து ஓப்பரான் மாதிரியை வெளியிட்டார்கள், 1965-இல் ல்வோஃபோடு சேர்த்து நோபல்.

மைக்ரோ_மாணவி:
அப்படியென்றால் சொட்டுவது எல்லா செல்லிலும் ஒரே மாதிரி இருக்காதே? ஒன்றில் பெர்மியேஸ் இருக்கும், பக்கத்துச் செல்லில் சுத்தமாக இல்லாமலும் போகலாமே?

பெட்ரிதட்டு:
அதேதான். நோவிக்கும் வெய்னரும் 1957-இலேயே இதைக் காட்டிவிட்டார்கள். தூண்டும் பொருளைக் குறைவாகக் கொடுத்தால் எல்லா செல்லும் அரைகுறையாகத் திறப்பதில்லை, சில முழுசாகத் திறக்கும், மற்றவை மூடியே கிடக்கும். மரபணு எல்லாவற்றிலும் ஒன்றுதான், எதில் எப்போது சொட்டியது என்பதில்தான் வித்தியாசம்.

மைக்ரோ_மாணவி:
மிக்க நன்றி. நாளைக்கு மெக்கான்கி (லாக்டோஸை நொதிக்கும் காலனி இளஞ்சிவப்பாகும் ஊடகம்) தட்டில் இளஞ்சிவப்புக் காலனியைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும்.